பாதி குடம், பாதி கட்டை

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணரைக் கும்பிட்டவர்களுக்கு இந்தக் கிட்டாரைப் புரியவைப்பது சுலபம். ஒரே மேனியில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால் அல்லவா? ‘செமி ஹாலோ’ எலெக்ட்ரிக் கிட்டாரும் அந்த மாதிரிதான். இரண்டு ஓரமும் வீணைக் குடம்போல உள்ளே வெறுமை. நடுவில் மட்டும் நெட்டுக்க ஒரு கட்டை.

கட்டை எதற்கு? கோயில் கொடையில் மைக் ‘கூ’வென்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். முழுக்கக் கூடான கிட்டாரிலும் அதே தொல்லைதான். ஸ்பீக்கர் சத்தத்தில் மேற்பலகை அதிரும், அந்த அதிர்வு திரும்ப ஸ்பீக்கருக்கே போகும், ஊளை பிறக்கும். நடுவில் கட்டை இருந்தால் அந்த அதிர்வு அடங்கும். 1940 வாக்கில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் கம்பி பூட்டி, பார்வைக்குக் கிட்டாராகத் தெரிய இரு பக்கமும் சிறகு வைத்தார். 1958இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-335 என்ற செமி ஹாலோ கிட்டாரைக் கொண்டுவந்தது. நடுவில் மேப்பிள் கட்டை, மேலும் கீழும் ஒட்டுப்பலகை. ஆமாம், பிளைவுட்தான்! ‘அசல் மரம்’ என்று மீசை முறுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, நம்ம ஊர்ல செஞ்சா எந்த மரம் போடலாம்?”

மேப்பிளுக்கு நாம் எங்கே போக? தஞ்சாவூர் வீணை பலாவில்தான் பாடுகிறது. உடம்புக்குப் பலா போதும். எலெக்ட்ரிக் கிட்டாரில் குரலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப். மரம் எடைக்கும் உறுதிக்கும்தான் என்பது என் கட்சி. நெக் என்னும் கழுத்தின் விஷயம் வேறு. ஆறு கம்பியும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். பலகையின் நுனியைத் திருப்பிப் பாருங்கள்: வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும், முடிச்சு கூடாது. பச்சை மரம் வேண்டவே வேண்டாம். கரிசல் வெயிலில் சுருங்கும், சாரல் காலத்தில் உப்பும். பிரெட் என்னும் உலோக மெட்டுகளின் முனைகள் விரலைக் கிழிக்கும்.

விரல் ஓடும் பலகைக்கு ஈட்டி, அதாவது தோதகத்தி. உலகத்தில் எத்தனையோ கிட்டார்களில் இருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். 2017இல் இதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத் தளர்ந்தது. ரசீது இல்லாமல் ஒரு துண்டும் வாங்காதீர்கள்.

இனி வயரிங். தம்பி இதை மேற்பலகை ஒட்டியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அங்கேதான் வம்பு. இரண்டு வால்யூம், இரண்டு டோன், ஒரு சுவிட்ச், ஒரு ஜாக் எல்லாவற்றையும் மேற்பலகையிலுள்ள எஃப் வடிவத் துளை வழியாகத்தான் உள்ளே நுழைக்க வேண்டும். அட்டையில் துளைபோட்டு, வெளியிலேயே முழுதும் சால்டர் செய்து, சோதித்து, ஒவ்வொரு தண்டிலும் நூல் கட்டி மெதுவாக இழுப்பார்கள். பூட்டி முடித்தபின் ஒரு வயர் விட்டுப்போனால் மறுபடி எல்லாம் வெளியே! முதல்முறை செய்கிறவர் முதுகில் ஒரு மூடி வைத்துவிடுவது உத்தமம். பிக்கப் வயர் போக நடுக்கட்டையில் துளையும் ஒட்டுமுன் போட்டாக வேண்டும்.

விசைத்தறி ஓடும் ஊரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஹம்பக்கர் வகைப் பிக்கப். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் உருவாக்கியது. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்திருப்பார்கள். இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், கம்பியின் நாதம் மட்டும் கூடிவரும்.

கம்பிகளைப் பாலத்தின் வழியே எர்த்தோடு சேர்ப்பார்கள். கை பட்டதும் மிச்ச இரைச்சலும் அடங்கும். ஆனால் வாசிப்பவரும் அந்தச் சுற்றில் ஓர் உறுப்பாகிவிடுகிறார். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார்.

அதனால் தம்பிமாரே, ஜெனரேட்டர் மேடையில் ஏறுமுன் ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது முள் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கின் வலைமேல் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால், எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை கிட்டாரைத் தொடாதீர்கள்.