பட்டை கூட்டுமுன் பாரத்தைப் பாருங்கள்



போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டம். உர மூட்டை ஏற்றினால் என் ஜிப்ஸியின் பின்பக்கம் தாழும். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டினேன். பாரத்தோடு நன்றாகத்தான் போச்சு. காலியாக இறங்கும்போது, ஈரக் கல் பாதையில் பிரேக் பிடித்தேன். பின்சக்கரம் துள்ளி, வண்டி பள்ளத்தோரம் போய் நின்றது. பக்கத்தில் என் மகள்!

பாரம் தாங்குவது ஸ்பிரிங். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். இங்கே படித்ததுதான், பரீட்சையோடு மறந்துட்டேன். கூட்டிய பட்டைகளைக் கழற்றி, வழக்கமான பாரத்துக்கேற்ற ஸ்பிரிங்கும், அதற்குப் பொருந்தும் ஷாக்கும் போட்டேன். உயரம் கூடினால் பிரேக் ஹோஸையும் பாருங்க. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அது இழுபடக் கூடாது.

தம்பிகளே, கடையில் விலை கேட்குமுன் பின்சக்கரங்களை எடை மேடையில் ஏற்றுங்கள்: காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை.