‘கேஸ்டிக்’ என்று சொல்வதற்கு முன்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசும் இந்தக் கூட்டத்தில் இன்று நெஞ்சு வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் லயங்களில் நெஞ்சு வலி என்றதும் “கேஸ்டிக்தான், இஞ்சித் தண்ணி குடி” என்கிறோம். மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அக்காவும், பேர் அரைப்பேராகிவிடுமே என்ற பயத்தில் தனக்குத் தானே அதைத்தான் சொல்லிக்கொள்கிறார்.

கேஸ்டிக் பொய் வருத்தம் அல்ல. இரைப்பையில் உள்ள அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயை எரிக்கிறது. அந்தக் குழாய் இதயத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. இரண்டின் வலியையும் கொண்டுபோகும் நரம்புகளுக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான். அதனால் எது வலிக்கிறது என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. இஞ்சித் தண்ணியிலோ கேஸ்டிக் மருந்திலோ வலி குறைந்தது என்பதற்காக இதயம் நலம் என்று நினைக்கக் கூடாது.

ஆகவே முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கேஸ்டிக். நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற இறுக்கம், கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் தாமதிக்காதீர்கள். ஏற்றம் ஏறும்போது வந்து, நின்றால் குறையும் வலியும் இதயத்தின் எச்சரிக்கைதான். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் வலி பெரிதாக இல்லாமல், களைப்பும் வாந்தியும் மட்டுமே வரலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலையில் ஈ.சீ.ஜீ. எடுப்பார்கள். முதல் ஈ.சீ.ஜீ. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. திரும்பவும் எடுக்கவும், இரத்தம் சோதிக்கவும் வேண்டி வரும். அவசரப்பட்டுத் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.

இதயம் சரி என்று வைத்தியர் சொன்ன பிறகு, உங்கள் வாய்ச்சொல்தான் அவருக்கு உதவி. சாப்பிட்ட பின் எரிகிறதா, குனிந்தால், படுத்தால் கூடுகிறதா, வாயில் புளித்த தண்ணீர் வருகிறதா என்று விவரமாகச் சொல்லுங்கள். ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையைச் சில வாரங்கள் தருவார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். வலி நின்றால் பெரும்பாலும் அமிலமே காரணம். நிற்காவிட்டால் உள்ளே கமரா விட்டுப் பார்ப்பார்கள். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாத மெலிவு இருந்தால் மாத்திரையோடு காத்திருக்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டிலும் செய்யக் கூடியவை உண்டு. படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டாதீர்கள். இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குலக் கட்டை வையுங்கள்.

மீதி சங்கத்தின் வேலை. நெஞ்சு வலி என்று வருகிறவரை மாத்திரை கொடுத்து மலைக்குத் திருப்பக் கூடாது. உடனே வாகனம் வேண்டும். அன்றைய பேரை வெட்டக் கூடாது. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுப்போம். அதுவரைக்கும், அம்புலன்ஸ் ஏற முடியாத பாதையில் நோயாளியைச் சந்திவரை யாருடைய ஓட்டோவில் கொண்டுபோவது என்று ஒவ்வொரு லயத்திலும் இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.