அலுவலகத்தில் ஓர் ஓய்வறை

காரியாலயம் ஒன்றுக்குப் புதிய கட்டடம் எழுப்பும்போது, அதிகாரியின் அறை எங்கே, கோப்புகள் எங்கே, மோட்டார் வண்டிகள் நிற்பது எங்கே என்பவையெல்லாம் முதலிலேயே முடிவாகிவிடுகின்றன. எஞ்சிய மூலையே சிப்பந்திகள் அமர்ந்து உண்ணும் இடமாக ஒதுக்கப்படுகிறது. மாடிப்படிக்கு அடியிலோ, கழிப்பறைக்கு அடுத்தாற்போலோ அது அமைந்துவிடும். பிறகு, "இடம் கொடுத்தும் யாரும் வருவதில்லையே" என்று குறைப்படுவார்கள்.

சட்டம் இதைக் கவனியாமல் விடவில்லை. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஓய்விடமும் உணவறையும் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 50 ஆகக் குறைத்தது. ஓய்விடம் வெளிச்சமும் காற்றோட்டமும் பெற்று, குளிர்ச்சியாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும் என்றும் பழைய சட்டம் கூறிற்று. குளிர்ச்சியைப் பற்றி ஒரு சட்டம் பேசுவது அபூர்வமல்லவா? மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனுக்கு இங்கே ஒரு சிறு சங்கடம். அதில் வரும் 'ஷெல்டர்' என்ற சொல்லைப் புகலிடம் என்றால் வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் நினைவுக்கு வருவார்கள்; தங்குமிடம் என்றால் சத்திரமாகிவிடும். ஓய்விடம் என்பதே பொருந்தும்.

இச்சட்டங்களின் இந்த விதி தொழிற்சாலைகளைப் பற்றியது. பேனாவைப் பிடிக்கும் எங்களைப் பற்றியதன்று. தலைநகரிலே நாங்கள் எங்கே இளைப்பாறுகிறோம்? குளிர்காலத்து நண்பகலில், செயலகக் கட்டடங்களைச் சுற்றிய புல்வெளிகளில் வெயில் காய்ந்தபடி வேர்க்கடலை உரிப்பவர்களைப் பார்க்கலாம். ஒரு காசும் செலவின்றி அமைந்த ஓய்விடம் அது! மே மாதத்து அனற்காற்றில் அங்கே நிற்க முடியாது. ஆகவே அறை தெற்கு நோக்கி இருப்பது நலம். தாழ்ந்து வரும் குளிர்காலச் சூரியன் உள்ளே புகும். உச்சியில் நிற்கும் கோடைச் சூரியனை ஒரு சாய்ப்பு தடுத்துவிடும். மேற்கு ஜன்னல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரே நீண்ட மேஜை போடுவது பந்தி பரிமாறத்தான் உதவும். நால்வர் அமரும் சிறு மேஜைகளும், தனித்திருக்க விரும்புபவருக்குச் சுவரோரம் ஒரு பலகையும் போதும். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸை லாரி பேக்கர் சுருள் வடிவில் கட்டினார். இருக்கையும் மேஜையும் சுவரோடு சேர்த்தே எழுப்பப்பட்டவை. செங்கல் துளைகளின் வழியே காற்று வருகிறது. விலையுயர்ந்த சோபா எதுவும் அங்கில்லை. அலுவலக அறைக்கு இவற்றோடு கை கழுவுமிடம், குடிநீர், சோற்றைச் சூடாக்க வசதி, எதிரொலியைக் குறைக்கக் கனத்த கதர்த் திரை ஆகியவையும் வேண்டும்.

ஓய்வுக்கும் ஆலோசனைக் கூட்டத்துக்கும் ஒரே அறையை வைப்பதுதான் பெரிய தொல்லை. இரண்டும் மோதினால் எப்பொழுதும் கூட்டமே வெல்லும். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் ஓய்வறைக்குள் ஒருநாள் படங்காட்டும் கருவி வந்தது. சில வாரங்களில் கதவில் 'கூட்டம் நடைபெறுகிறது' என்ற பலகை நிரந்தரமாயிற்று. குமாஸ்தாக்கள் பழையபடி கோப்புகளின் மேலேயே டிபன் பெட்டியைத் திறந்தார்கள். நடுவே மடக்குத் தடுப்பு ஒன்று அமைத்து, பன்னிரண்டரை முதல் இரண்டரை மணி வரை கூட்டம் கூடாதென்று எழுத்து மூலம் ஆணையிடுவதே வழி. வாய்மொழி ஆணை செல்லாது. மேலதிகாரி மாறினால் அதுவும் மாறிவிடும்.

துப்புரவுப் பணியாளரும் ஒப்பந்தக் காவலரும் எங்கே உண்பது என்பதை வரைபடம் போடுபவர் பெரும்பாலும் கேட்பதேயில்லை. சிற்றுண்டிச்சாலை வேண்டுமா என்று கணக்கிட 2020ஆம் ஆண்டுச் சட்டம் குறிக்கும் 100 பேரில் ஒப்பந்தத் தொழிலாளரும் அடங்குவர். அலுவலக ஓய்வறையிலும் அவர்களை அவ்வாறே எண்ணி, அதே நாற்காலிகளைப் போட வேண்டும். தனி மூலை ஒதுக்கலாகாது.

அறையின் சாவி யாரிடம் இருப்பது என்று ஒரு கேள்வி எழும். பூட்டே தேவையில்லை. களவு போகக்கூடியவை ஒரு கெட்டிலும் சில கோப்பைகளுமே.