கார்சினோமா: நண்டின் பெயர் வந்த கதை



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே சிகிச்சை பற்றிப் பேசப் போவதில்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் வரும் 'கார்சினோமா' என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசுகிறேன்.

கிரேக்க மொழியில் 'கார்கினோஸ்' என்றால் நண்டு. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களில் கார்கினோஸ், கார்கினோமா என்ற இரண்டு சொற்களும் வருகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய செல்சஸ், நண்டுக்கான லத்தீன் சொல்லையே போட்டார். அதுதான் கேன்சர். நம் கடக ராசிக்கு ஆங்கிலத்தில் இருப்பதும் இதே பெயர்தான்.

ஏன் நண்டு? 2ஆம் நூற்றாண்டில் காலன் என்ற மருத்துவர் காரணம் சொன்னார். மார்பகக் கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் ரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போல இருக்கின்றனவாம். தமிழிலும் பாருங்கள், 'புற்று' என்றதும் கரையான் புற்றுதான் கண்முன் வருகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று மைக்ராஸ்கோப் கிடையாது, ஸ்கேன் கிடையாது. வெளியே தெரியும் அளவுக்கு முற்றிய கட்டியைப் பார்த்துத்தான் நண்டு என்றார்கள். இன்று கால் முளைக்கும் முன்பே கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் பெயர் மட்டும் பழைய பயத்தோடு நிற்கிறது. அந்தப் பயத்தில் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்கள் எத்தனை பேர்!

இன்று கார்சினோமா என்றால் தோலிலோ, உறுப்புகளின் உள், வெளிப் பரப்பை மூடியிருக்கும் திசுவிலோ தொடங்கும் புற்றுநோய். எலும்பு, தசையில் தொடங்கினால் அது சார்கோமா. கார்சினோமாவிலும் எல்லாம் ஒன்றல்ல. 'இன் சிட்டு' என்று சேர்த்து எழுதியிருந்தால், தொடங்கிய இடத்தை விட்டு இன்னும் நகரவில்லை என்று பொருள்.

செக் திரும்பி வந்தால் வாடிக்கையாளர்கள் பதறிக்கொண்டு வருவார்கள். "சார், மெமோவில் காரணம் என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்" என்போம். கையெழுத்து மாறியிருக்கலாம், தேதி தவறியிருக்கலாம், கணக்கில் பணம் இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ரிப்போர்ட்டும் அப்படித்தான். தலைப்பில் இருக்கும் சொல்லோடு நின்றுவிடாமல் எந்த வகை, எந்த நிலை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நம் பிளாக்கில் யாருக்காவது வந்தால் "அந்த வியாதி" என்று கிசுகிசுக்க வேண்டாம். பெயரைச் சொல்லியே விசாரிப்போம். கூட ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் வேண்டுமா என்று கேட்போம்.