கை எங்கே?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க சார், பாங்க்கில இருந்தவர், சேமிப்பைப் பத்திப் பேசலாமே" என்றார். சேமிப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் இந்தக் கல்லூரியில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியத்தைப் பற்றிப் பேசுகிறேன். நோட்டில் கிறுக்கினேன்.

பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் கோடு போட்டிருக்கும், இடது பக்கம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைப் பக்கத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பெரம்பூர் – பெசன்ட் நகர் 29சி பஸ்ஸில் வரும் மனிதர்கள், கேன்டீன் மாஸ்டர், மயிலாப்பூர் மாட வீதிப் பூக்காரம்மா என்று எல்லோரும் அங்கே குடியேறினார்கள். பிறகு அதற்கென்றே தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். அந்த நோட்டு பெஞ்ச் பெஞ்சாகப் போய், மதியம் திரும்பி வரும். ஓரங்களில் பென்சிலில் அபிப்பிராயங்கள் இருக்கும். "சூப்பர்." "பிரமாதம்." "கண்ணாடி போட்டா நம்ம லேப் சார்." மூன்று வருஷமும் அப்படித்தான். நான் ஒரு பெரிய ஓவியன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கடைசி வருஷம், 1989 ஜனவரி என்று ஞாபகம். என் பக்கத்து பெஞ்ச் நண்பன், தி. நகர்க்காரன், அதிகம் பேசாதவன், ஒரு பக்கத்தின் ஓரத்தில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தான்: "கை எங்கே?"

நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். நான் வரைந்த ஆட்களில் பாதிப் பேர் பாக்கெட்டில் கையை விட்டிருந்தார்கள். மீதிப் பேர் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். பூக்காரம்மாவின் கை கூடைக்குள் போய் மறைந்திருந்தது. பூத் தொடுக்கிற ஒருத்தியை கையே இல்லாமல் வரைந்திருக்கிறேன், பாருங்கள்! எனக்குக் கை வரைய வராது. அதை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன், எனக்கே தெரியாமல். அவன் கண்டுபிடித்துவிட்டான்.

நியாயமாக நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அதற்குக் கீழே, "உனக்கு வரையத் தெரியுமா?" என்று எழுதி, அவன் பார்க்கிற மாதிரி மேஜை மேல் வைத்தேன். அவன் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் நோட்டு அவனிடம் போகவில்லை. கொஞ்ச நாளில் யாரிடமும் போகவில்லை. பரீட்சை, வேலை, மாற்றல், கல்யாணம். அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. காரணம் கேட்டால் ஆடிட் என்று சொல்லியிருப்பேன்.

2015 ஏப்ரலில் ஓவியர் கோபுலு காலமானார். மறுநாள் பேப்பரில் அவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வசனமே இல்லாமல் சிரிக்க வைத்தவர், தில்லானா மோகனாம்பாளுக்குப் படம் போட்டவர் என்பதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பக்கவாதத்தில் வலது கை போன பிறகு, அவர் இடது கையால் வரையப் பழகினார் என்பது என்னை அசைத்துவிட்டது. இரண்டு கையும் நன்றாக இருக்கிற நான், ஒரு வரி விமரிசனத்துக்காக இருபத்தாறு வருஷம் பேனாவைத் தொடாமல் இருந்திருக்கிறேனே!

அவருக்குக் 'கோபுலு' என்று பெயர் வைத்தது மாலி. ஆனந்த விகடனில் அவருக்கு முன்னோடி. 'சில்பி' என்று பெயர் வைத்ததும் அவர்தான். சில்பியின் சொந்தப் பெயர் சீனிவாசன், ஊர் நாமக்கல். பையனின் படங்களைப் பார்த்து, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போ என்று சொன்னவர் நாமக்கல் கவிஞர், அவரே ஓவியர்தான். விகடனுக்கு வந்த பிறகு, இவருடைய கோடு கோயில் சிற்பத்துக்கென்றே ஏற்பட்ட கோடு என்று கண்டுகொண்டு அந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் மாலி. தேவன் எழுத, சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. "பிரமாதம் தம்பி" என்று தட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தால் நமக்கு இன்னொரு ஜோக் ஓவியர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ என்பவர், 2007ல் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார். தெருவில் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைவது, முடிந்ததும் எல்லோருடைய நோட்டையும் தரையில் பரப்பிச் சுற்றி நின்று பார்ப்பது, இதுதான் வழக்கம். உலகம் முழுக்க இப்படிக் கூடி வரைகிறார்கள், நம் சென்னையிலும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்துப் பக்கம் அப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

வரைவது பயமாக இல்லை. நோட்டைத் தரையில் வைப்பதுதான் பயம். வயது ஐம்பதை நெருங்குகிறது, கை நடுங்குகிறது. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். என் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கோபுரம் நல்லா வந்திருக்கு அங்கிள். ஆனா ஏன் எல்லாரும் கையை ஒளிச்சு வெச்சிருக்காங்க?" என்றாள்.

அன்று சாயங்காலம் அடையாறு வீட்டுப் பரணில் ஏறி, பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. நாலு பேரிடம் விசாரித்து நம்பர் வாங்கி அவனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நானா எழுதினேன்? எனக்கு ஞாபகமே இல்லையேடா" என்றான்.

எப்படி இருக்கும் எனக்கு! கொஞ்ச நேரம் கழித்து அவனே, "நான் உன் கல்யாணத்துக்கு வந்தேன். நீதான் என் கல்யாணத்துக்கு வரலை. அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றான். என்னால் பேச முடியவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் மெரினாவுக்குப் போனோம். ராய் சௌத்ரி செய்து 1959ல் நிறுவிய உழைப்பாளர் சிலையின் முன்னால் உட்கார்ந்தோம். நாலு பேர், ஒரு பாறை. அத்தனை கையிலும் ஒன்றுகூடப் பாக்கெட்டில் இல்லை. அங்கே உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை உள்ள அளவுதான் ஏறக்குறைய ஒரு கையின் நீளம்; நான் எப்போதும் சின்னதாகப் போடுவேன். நாலு விரலும் ஒரு பக்கம் பார்க்கும், கட்டை விரல் மட்டும் திரும்பி நிற்கும். மேஜை மேல் கையை விரித்து வைத்துப் பாருங்கள், நாலு நகம் நேராகத் தெரியும், ஐந்தாவது சாய்ந்து தெரியும். ஐம்பது வருஷமாக என்னோடு இருக்கிற கை, இது எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரைந்ததைக் காட்டும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும், வேறென்ன சொல்வான் பாவம். இப்போது அதுகூட வேண்டியதில்லை, வாட்ஸப்பில் ஒரு கட்டை விரலை அனுப்பிவிடுகிறார்கள். (எனக்கு இன்னும் வரைய வராதது அதுதான்!) "எங்கே இடிக்குது?" என்று கேளுங்கள். நோட்டை அவன் கையில் கொடுத்து, அவனே புரட்டட்டும் என்று விடுங்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். அவன் சொன்னது சுருக்கென்று குத்தினால், அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள்.

அந்தத் தி. நகர்க்காரன் இதோ மூன்றாவது வரிசையில், சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் இன்று காலைதான் புது நோட்டைக் கொடுத்தேன். நாற்பது பக்கம், வெறும் கைகள். காரில் வரும்போதே முழுக்கப் புரட்டிப் பார்த்தான். சைதாப்பேட்டை தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னான், "இருபதாம் பக்கத்துல ஒருத்தனுக்கு ரெண்டும் இடது கைடா."

பார்த்தேன். ஆமாம். திருத்த வேண்டும்.