உறுப்புக் கொடையும் உள்ளத்து அச்சமும்



உறுப்புக் கொடை நற்செயலே என ஒப்புக்கொள்பவர்கூடப் படிவத்தில் கையெழுத்திடத் தயங்குவதேன்? அமெரிக்காவில் இவ்வினாவைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் தகவல் தொடர்பியல் அறிஞர் சூசன் மார்கன். பர்டூ, மயாமி பல்கலைக்கழகங்களில் பணியாற்றியவர். அந்நாட்டில் மாற்று உறுப்புக்காகக் காத்திருப்போர் 1,00,000 பேருக்கும் அதிகம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

அவரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இம்முடிவில் அறிவைக் காட்டிலும் உணர்ச்சிக்கே வலிமை மிகுதி எனக் காட்டியது. கையெழுத்திட்டால் மரணத்தை நாமே வலிய அழைத்ததாகிவிடுமோ என்னும் அச்சம். உடல் சிதையாது அடக்கமாக வேண்டுமென்னும் எண்ணம். சொல்ல நாணும் அருவருப்பு. கொடையாளி எனத் தெரிந்தால் மருத்துவர் உயிர்காக்க முழுமுயற்சி எடுக்கமாட்டார் என்னும் ஐயம். புள்ளிவிவரங்களை அடுக்கும் துண்டறிக்கைகள் இவற்றில் ஒன்றையேனும் தொடுகின்றனவா?

தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றி அவர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. கதையில் மனமொன்றிப் பார்த்தவர்களே கொடையாளராக முடிவெடுக்க அதிகம் முன்வந்தனராம்! கதை பொய்த் தகவலைத் தந்தால் அதுவும் அவ்வாறே உள்ளத்தில் பதியும் என்பது என் கவலை.

அங்கே வயதுவந்தோர் முறைப்படி பதிந்த இசைவைக் குடும்பத்தார் மாற்றவியலாது. பதியாதவர் மூளைச்சாவு அடைந்தால் அக்கேள்வி, அழுதுகொண்டிருக்கும் மனைவியிடமோ மகனிடமோதான் கேட்கப்படுகிறது. அவர் என்ன விரும்பினார் என்பதை வீட்டில் ஒருநாளும் பேசியிராவிட்டால், அந்தச் சில மணி நேரத்தில் அவர்கள் ஊகித்தே விடைகூற வேண்டியிருக்கிறது.