களவு கொண்ட பசுமை



பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் சிப்பிக் கறி அரிய பண்டம் அன்று. விழிஞ்ஞம் கடற்பாறைகளில் மூழ்கி எடுக்கப்படும் பழுப்புச் சிப்பியைத் தமிழரும் மலையாளியரும் ஒருங்கே சுவைக்கின்றனர். அச்சிப்பி எதை உண்கிறது? கடல்நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்கிறது. அந்நுண்ணுயிர்களுள் சில, களவினால் வாழ்பவை. அவற்றைப் பற்றியே இன்று பேசப் புகுந்தோம்.

இலைகளுக்குப் பசுமை தருவது பசுங்கணிகம். கதிரொளியைக் கொண்டு உணவு சமைக்கும் அடுக்களை அது. மீசோடினியம் ரூப்ரம் என்னும் ஒரு செல் உயிருக்குச் சொந்த அடுக்களை இல்லை. அது நுண்பாசிகளை விழுங்கி, அவற்றின் பசுங்கணிகங்களைச் செரிக்காமல் தன்னுள் வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறது.

ஆனால் அடுக்களை பழுதுற்றால் செப்பனிடும் குறிப்புகளுள் பெரும்பாலானவை பாசியின் உட்கருவில் அல்லவா உள்ளன? மீசோடினியம் அந்த உட்கருவையும் கவர்ந்து வைத்துக்கொள்கிறது. அது 30 நாள் வரை இயங்கும் என்று 2007இல் அறிஞர் வெளியிட்டனர். பின்னர் மீண்டும் பாசியைத் தேடியாக வேண்டும்.

திருடனிடமும் திருடுவோர் உளர். டைனோபிசிஸ் என்னும் மற்றோர் ஒரு செல் உயிர், குழல் போன்ற உறுப்பை மீசோடினியத்தின் உடலில் செருகி உறிஞ்சி, அப்பசுங்கணிகங்களைத் தனதாக்கிக்கொள்கிறது. இதனை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க நெடுங்காலம் முயன்றும் இயலவில்லை. மீசோடினியத்தை இரையாக இட்ட பிறகே, 2006இல் கொரிய அறிஞர்கள் வளர்த்துக் காட்டினர்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். டைனோபிசிஸ் இனங்கள் சில நஞ்சு சுரப்பவை. அவற்றை உண்ட சிப்பி வாடுவதில்லை. அச்சிப்பியை உண்ட மனிதர்க்கோ வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். 1976இல் ஜப்பானில் இவ்வாறு பலர் நோயுற்றனர். சமைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. கடல் செந்நிறமாக மாறாத நாளிலும் அது சிப்பியில் சேரக்கூடும். இக்குடும்பத்தைச் சேர்ந்த டைனோபிசிஸ் காடேட்டா நம் இந்தியக் கடல்களிலும் உண்டு.

அதற்காகச் சிப்பியை வெறுக்க வேண்டுவதில்லை. கண்ணால் கண்டு நஞ்சறிய இயலாது. சிப்பியையும் நீரையும் சோதித்தே அறிய வேண்டும். அச்சோதனையில் நஞ்சுடைய உயிரை மட்டும் எண்ணினால் போதாது. அதன் பிழைப்புக்கு மூலமான மீசோடினியத்தையும் எண்ண வேண்டும். திருடன் வருமுன் அவன் குறிவைக்கும் வீட்டைக் காவல் காப்பதன்றோ அறிவுடைமை?